எட்டு வால்வுப் பலகை

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், பழைய வால்வு ரேடியோக்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பேச வைக்கிற ஓர் ஆசான் இருந்தார். பெயர் பாக்கியலீலா, வயது நாற்பத்திரண்டு. அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் ஆவுடையப்பன், வயது அறுபத்தொன்று. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர், "எனக்கு இதைச் சொல்லித் தாங்க" என்று ஒருநாள் வந்து நின்றார். குரு அவரை 'சார்வாள்' என்பார். சீடர் குருவை 'ஆசானே' என்பார். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும்.

ஈஸ்டருக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு வேலை வந்தது. அந்த வட்டாரத்துச் சர்ச் ஒன்றில் ஒரு பழைய மின்சார ஆர்கன் ஆறு வருஷமாக ஊமையாகக் கிடந்தது. அதற்குள் பல்பு மாதிரியான நாற்பது கண்ணாடி வால்வுகள், அத்தனையும் செத்துப் போயிருந்தன. சர்ச் குடோனில் அதே இனத்தில் நூற்றிருபது பழைய வால்வுகள் ஒரு பெட்டியில் இருந்தன. அந்த இனத்தை இப்போது எவரும் செய்வதில்லை. பெட்டியில் நாற்பது நல்லது கிடைத்தால் ஈஸ்டர் காலையில் ஆர்கன் பாடும். கிடைக்காவிட்டால் அதை எடைக்குப் போட்டுவிடுவதாகக் கமிட்டி சொல்லிவிட்டது.

"சார்வாள், நான் ஆலங்குளம் வரைக்கும் போய்ட்டு வாரேன். பெட்டியை நீங்க பாத்துக்கிடுங்க," என்றார் பாக்கியலீலா.

முதல் முறையாகத் தனியாக ஒரு வேலை. ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

வால்வைச் சோதிக்கும் மீட்டரில் குழி ஒன்றுதான். ஒரு வால்வு நன்றாகச் சூடேற ஐந்து நிமிஷம். நூற்றிருபதுக்குப் பத்து மணி நேரம்! மனிதர் இயற்பியல் வாத்தியார், சும்மா இருப்பாரா? ஒரு பலகையில் எட்டு ஓட்டை போட்டார். எட்டு சாக்கெட் பதித்தார். அலமாரியில் கிடந்த ஒரு டிரான்ஸ்பார்மரைக் கொண்டு எட்டையும் ஒன்றாகச் சூடேற்றினார். ஒவ்வொன்றையும் மீட்டரோடு இணைக்க ஒரு திருகு சுவிட்ச்.

சுவிட்சைப் போட்டதும் எட்டு கண்ணாடிக்குள்ளும் மெல்ல மெல்லச் செம்பொட்டுகள் பூத்தன. கார்த்திகைக்கு விளக்கு வைத்த வீடு மாதிரி இருந்தது. அவர் கொஞ்ச நேரம் கைகட்டி நின்று பார்த்தார். தான் செய்ததைப் பார்த்துத் தானே மலைத்துப் போவதும் ஒரு சுகம்தான்.

மதியத்துக்குள் நூற்றிருபதும் முடிந்தது. பதினாலுக்குத்தான் மீட்டர் முள், நல்லது என்கிற பச்சையைத் தொட்டது. மற்ற நூற்றியாறும் சிவப்பு.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. செத்த வால்வு மறுபடி நல்லதோடு கலந்துவிடக் கூடாது. அதனால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கால்களில் ஒன்றைப் பாதியில் நறுக்கிவிடுவார்கள். ஆவுடையப்பன் கட்டிங் பிளேயரை எடுத்தார். பதினோராவது வால்வின் காலை நறுக்கும்போது பாக்கியலீலா உள்ளே வந்தார்.

"அம்மாடி! பலகையை என்ன அழகாச் செய்திருக்கிய சார்வாள்!"

"அழகு இருந்து என்ன, ஆசானே? பெட்டி முழுக்கச் சொத்தை."

பாக்கியலீலா நறுக்கிய வால்வுகளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"சூடேத்துற பிலமென்டுக்கு எத்தனை வோல்ட் போகுது?"

"ஆறு புள்ளி மூணு. பிசிறில்லாம இருந்துது. அளக்காம ஆரம்பிப்பனா?"

"எப்ப அளந்திய?"

"பலகையை முடிச்ச உடனே."

"அப்ப பந்தியில எத்தனை பேரு உக்காந்திருந்தாவ?"

ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை. பாக்கியலீலா, சிவப்பில் விழுந்து இன்னும் நறுக்காமல் இருந்த எட்டு வால்வுகளை எடுத்துப் பலகையில் செருகினார். சூடேறியதும் ஒன்றை மட்டும் மீட்டரோடு இணைத்தார். முள் சிவப்பில் கிடந்தது.

துணியால் பிடித்து, பக்கத்து வால்வைப் பிடுங்கினார். கொஞ்சம் பொறுத்தார். முள் லேசாக அசைந்தது.

இன்னொன்றைப் பிடுங்கினார். முள் ஏறியது.

ஒவ்வொன்றாக ஏழும் போயின. மிஞ்சிய ஒற்றை வால்வு, பலகையில் அதுவரை ஒருவரும் பார்த்திராத பிரகாசத்தோடு எரிந்தது. முள் சிவப்பைத் தாண்டி, பச்சைக்குள் நடந்து போய் நின்றது.

ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அதே வால்வு..." என்றார்.

"அதே வால்வுதான்."

புல்லரிப்பு அடங்கும் முன்னே கட்டிங் பிளேயரை மேஜையில் வைத்தார். டிரான்ஸ்பார்மர் சின்னது. அவர் அளந்தது ஒரு வால்வும் செருகாத காலிப் பந்திக்கு. எட்டுப் பேர் உட்கார்ந்ததும் ஒருவருக்கும் அரை வயிறுகூட நிரம்பவில்லை. ஏனோ அவர் நடத்திய வகுப்பு கண்முன் வந்தது. அறுபது பிள்ளைகள். முதல் பரீட்சைத் தாளைத் திருத்தியதுமே, இன்னின்னார் உருப்பட மாட்டார்கள் என்று அடித்துச் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஊரில் பெயரே உண்டு.

அன்று முதல் மூன்று நாள், பட்டறையின் மற்ற வேலைகளுக்கு நடுவே, பலகையை ஓரமாக வைத்துவிட்டு, வால்வுகளை ஒன்றொன்றாகச் சூடேற்றி அளந்தார். ஒவ்வொன்றுக்கும் முழுசாக ஐந்து நிமிஷம். முள் பச்சைக்கு வரும்போதெல்லாம் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி மூச்சு விட்டார்.

சனிக்கிழமை மதியம், காலோடு இருந்த நூற்றியொன்பதும் முடிந்தன. நல்லது முப்பத்தேழு.

மூன்று குறைந்தது. விடிந்தால் ஈஸ்டர்.

ஆவுடையப்பன் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவர் கையால் நறுக்கிய பதினொன்றுதான் மேஜை மூலையில் ஒரு தட்டில் கிடந்தன. அதைப் பார்க்க அவருக்குக் கூசியது.

"ஆசானே, நான் வெட்டினதுல ஒரு மூணு வால்வாவது நல்லதா இருந்திருக்குமா?"

பாக்கியலீலா ஈயம் பற்றவைக்கிற சூடான சால்டரிங் அயர்னையும் ஒரு துண்டுக் கம்பியையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கிய, சார்வாள்? வெட்டின காலைத் திரும்ப வச்சுக் குடுத்துட்டு, அதுககிட்டயே கேளுங்க."