மீன்குடல் களவு

நெடுங்கழி என்று கடலோரமாய் ஒரு நாடு ஒரு காலத்தில் இருந்தது. அதை ஆண்டவன் சேந்தவர்மன். கெட்டவனில்லை, ஆனால் காலையில் போட்ட உத்தரவு மாலைவரை நிற்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் வெள்ளித் தட்டு ஒன்று காணாமல் போன கோபத்தில், அரண்மனைச் சொத்தில் துரும்பை எடுத்தாலும் நாடு கடத்தல்தான் என்று முரசறையச் சொல்லிவிட்டான்.

பண்டார அதிகாரி பூதங்குடியாருக்கு அது வசதியாகப் போயிற்று. அமைச்சர் அறவாழியின் மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல். அரண்மனைத் தோட்டத்துக்கு அவர் வண்டி வண்டியாய் அயல்தேசத்து எரு வரவழைத்தும் காய்க்காத புடலங்காய், அமைச்சர் வீட்டுக் கொல்லையில் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது.

சபை கூடியதும் பூதங்குடியார் எழுந்தார். அமைச்சரின் ஆள் தினமும் மடைப்பள்ளிப் பின்வாசல் வழியாகப் பானையில் எதையோ கொண்டுபோவதைத் தம் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார்.

"உண்மையா, அமைச்சரே?" என்று கேட்டான் ராஜா.

"உண்மைதான், அரசே."

அறவாழி பெண்டு பிள்ளைகளோடு எல்லை தாண்டுவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பிறகு, எடுத்ததைத் திருப்பித் தந்துவிடுவதாகவும், பண்டார அதிகாரியே சபை முன்னால் சரிபார்த்துக் கருவூலத்தில் வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பூதங்குடியார் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

வாய் கட்டிய பானை வந்தது. பூதங்குடியார் துணியை அவிழ்த்துக் குனிந்தார். சாமரம் வீசியவர்கள் சாமரத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு சிம்மாசனத்தை விட்டே இறங்கிவிட்டான்.

அமைச்சர் நிதானமாக விளக்கினார். மடைப்பள்ளியில் கழித்துப் போடும் மீன் தலையும் குடலும், அண்டாவில் ஒட்டிய வெல்லமும்தான் அது. ஊறி முடித்தால் நாற்றம் போய்ப் பழவாசனை வந்துவிடும். அதில் ஒரு கரண்டியைக் குடத்துத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் எந்தக் கொடியும் காய்க்கும். இந்தப் பானைக்குத்தான் இன்னும் பக்குவம் வரவில்லை.

"வாங்கிக் கருவூலத்தில் வையுங்கள். அரண்மனைச் சொத்தல்லவா?" என்றார் பூதங்குடியாரிடம்.

"இந்தக் குப்பையையா?"

"குப்பை என்றால், நான் எந்தச் சொத்தைத் திருடினேன்?"

ராஜா மூக்கைப் பிடித்தபடியே சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டு, அரண்மனைத் தோட்டத்தையும் அவர் பொறுப்பில் விட்டான். பூதங்குடியாரிடம், கருவூலத்துக்கு வேண்டாமென்றால் தோட்டத்துக்குச் சுமந்து போகும்படி சொன்னான்.

பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடு கட்டி, பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் ராஜவீதி வழியே நடந்தார். அன்று வழியில் ஒருவர்கூட அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. மரியாதை இல்லாமல் அல்ல. கிட்டே போக முடியவில்லை.