ஏதோ ஓடுதுங்க

கோபிச்செட்டிப்பாளையத்தில் சிறுதொழில் செய்யும் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். எங்களுக்குக் குரு கோகிலவாணி. டயர் கடைக்காரி. எங்களில் பாதிப் பேருக்கு அவள் வயதில் மகள் இருக்கிறாள். இருந்தாலும் தொழிலில் ஒரு சிக்கல் என்றால் அவள் கடை வாசலில்தான் போய் நிற்போம். எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டாள், அது ஒன்றுதான் எரிச்சல்.

சிஷ்யைகளில் மூத்தவள் வேலாத்தாள். பாக்குமட்டையில் சாப்பாட்டுத் தட்டு செய்யும் பட்டறை நடத்துகிறாள். பதினாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவள் தட்டில் ரசத்தை ஊற்றினாலும் ஒழுகாது. அவள் வாயைத் திறந்தால்தான் எல்லாம் ஒழுகிப் போகும்.

யார் வந்து "தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டாலும் அவளிடம் ஒரே பதில். "ஏதோ ஓடுதுங்க." கல்யாண சீசனில் மூச்சு விட நேரமில்லாமல் மிஷின் ஓடும்போதும் அதேதான். உள்ளதைச் சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்று பயம். எங்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் கொஞ்சம் உண்டு, பொய் சொல்வானேன். வேலாத்தாளுக்கு அது ரத்தத்திலேயே ஊறியது.

எங்கள் சங்கம் நடத்திய கண்காட்சிக்குக் கோவையிலிருந்து சௌந்தரபாண்டியன் வந்திருந்தார். பெரிய சமையல் கான்ட்ராக்டர். ஆடி மாத அன்னதானங்களுக்குத் தட்டு தேடிக்கொண்டிருந்தார். ஆடியில் கல்யாணம் கிடையாது. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் வேலாத்தாள் பாதிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அது அவளுக்கும் தெரியும், அந்தப் பெண்களுக்கும் தெரியும்.

அவர் அவள் மேசைக்கு வந்தார். ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தொழில் எப்படிம்மா போகுது?"

"ஏதோ ஓடுதுங்க."

"பெரிய ஆர்டர் குடுத்தா தாங்குவீங்களா?"

"ஏதோ பொம்பளைங்க சேந்து செய்யறோமுங்க. பாத்துச் செய்யுங்க."

'பாவம்' என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பக்கத்து மேசையில் நான் ஊறுகாய் வைத்திருந்தேன். எழுந்துபோய் அவளை ஒரு சாத்து சாத்தலாமா என்று இருந்தது.

சாயங்காலம் வேலாத்தாள் டயர் கடைக்குப் போனாள். நானும் துணைக்குப் போய், கண்காட்சியில் அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கோகிலவாணி ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, எனக்குப் பேசத் தெரியல. விசிட்டிங் கார்டு அடிச்சுக்கட்டுமா?"

"அடிங்க."

"பேஸ்புக்குல போடோணும்னு என்ற மருமவ சொல்றா."

"போடுங்க."

"இங்கிலீஷ் கத்துக்கோணுமா?"

"கத்துக்கலாம். இங்கிலீஷ்ல 'ஏதோ ஓடுது'ங்கறதை எப்படிக்கா சொல்லுவீங்க?"

கோகிலவாணி டியூபை வெளியே எடுத்து உதறினாள்.

"நாளைக்கு மத்தியானம் வாங்க. மரகதத்தையும் கூட்டிட்டு வாங்க."

மரகதம் வேலாத்தாளின் பட்டறையில் மட்டையைத் தட்டாக அழுத்தும் அச்சு மிஷினில் நிற்பவள். அவள் எதற்கு? கோகிலவாணியிடம் கேட்டால் மட்டும் சொல்லிவிடுவாளாக்கும்!

மறுநாள் மூன்று பேரும் போனோம். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து சௌந்தரபாண்டியன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் வேலாத்தாள் அப்படியே திரும்பிப் போகப் பார்த்தாள். கோகிலவாணி விடவில்லை.

"அண்ணா, இவங்க மரகதம். வேலாத்தாக்கா பட்டறையில ஏதோ வேலை செய்யறாங்க."

மரகதத்தின் முகம் சுண்டிப்போனது.

"ஏதோவா?" என்றாள் வேலாத்தாள்.

கோகிலவாணி அவள் பக்கமே திரும்பவில்லை. "ஏதோ பொம்பளைங்க சேந்து செய்யறாங்கண்ணா. பாவம், பாத்துச் செய்யுங்க."

அவ்வளவுதான். வேலாத்தாளுக்கு வந்ததே கோபம்!

"நிறுத்து அம்மிணி! யாரைப் பாவங்கறே? இவ மட்டையைத் தடவிப் பாத்தாளுன்னா எது தாங்கும், எது கீறும்னு சொல்லிப்போடுவா. இவ மிஷினுக்கு வந்ததுல இருந்து பூஞ்சைன்னு ஒரு தட்டு திரும்பி வந்திருக்குதா, கேட்டுப் பாரு! பவானிக் கல்யாணத்தன்னிக்கு கரண்டு போச்சு. நான் தலையில கைய வெச்சு உக்காந்துட்டேன். இவளுகதான் ஜெனரேட்டரை வாடகைக்குப் புடிச்சுட்டு வந்து, பந்தி ஆரம்பிக்கறதுக்குள்ள அத்தனை தட்டையும் கொண்டுபோய் எறக்குனாளுக. ஒருத்தி லீவு போட்டா அவ அச்சுல இன்னொருத்தி நிப்பா, நான் வாயத் தொறக்க வேண்டியதில்லை. எந்த ஆர்டர் வேணும்னாலும் வரட்டும், தாங்குவோம்! எங்ககிட்டத் தட்டு வாங்கறவன் குடுத்து வெச்சவன்!"

சொல்லி முடித்ததும்தான் கான்ட்ராக்டர் அங்கே இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மரகதம் தலையை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வேலாத்தாளா இது!

சௌந்தரபாண்டியன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இதை நேத்தே சொல்லியிருந்தா நான் அடுத்த மேசைக்கே போயிருக்க மாட்டேனே! பட்டறை எங்க இருக்குது? வேன்ல ஏறுங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்."

போய்ப் பார்த்தார். ஒவ்வொரு மிஷினிலும் நின்று பார்த்தார். வேலாத்தாள் ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி, அவள் எதில் கெட்டிக்காரி என்றும் சொன்னாள். ஆடி முழுக்க அவருக்கு வேலாத்தாளின் தட்டுதான் என்று முடிவாயிற்று. ஒருத்தியும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் டயர் கடைக்குத் திரும்பி வந்தோம். வேலாத்தாள் சிரித்துக்கொண்டு வருவாள் என்று பார்த்தால், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்டர் கெடச்சுது, சந்தோசம். ஆனா என்ற ஆளுகளை நீ மட்டமாப் பேசுனது எனக்கு ஆறல அம்மிணி."

"அது நான் பேசுனதாக்கா? நேத்து நீங்க பேசுனதுதானே."

"நான் என்னையத்தானே கொறச்சுச் சொன்னேன்?"

"பட்டறையில நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்களா?"

வேலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பி வாசல் வரைக்கும் போனவள் நின்றாள். பழைய பயம் அவ்வளவு லேசில் விடுமா?

"இருந்தாலும் அம்மிணி, இப்பிடி அத்தனை பேரு முன்னால பெருமையாப் பேசிப்போட்டனே. கண்ணு பட்டுருமே?"

கோகிலவாணி கையிலிருந்த கிரீஸைத் துடைத்தாள்.

"யாரு கண்ணும் படாத சரக்கை எவன்க்கா வாங்குவான்?"