வாய் திறந்த செடி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், கேட்டால் கதை நகராது. அவருடைய ராணி செண்பகவல்லி மொட்டைப்பாறை நாட்டுப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம். தாய்வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவள் கேட்கும்போதெல்லாம் ராஜா "அடுத்த மாதம்" என்பார். அவளைப் பிரிந்திருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். ஏங்கி ஏங்கி ஒருநாள், "எங்க ஊர்ப் பாறைச்செடியையாவது கண்ணுல காட்டுங்க" என்றவள், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

"அச்செடியைக் கொணர்பவர் கேட்டதைப் பெறுவார்" என்று ராஜா அறிவித்தார்.

அரண்மனை வைத்தியர் அகோரம், குளத்துப் படியில் கிடந்த பாசியைச் சுரண்டித் தங்கத் தட்டில் நீட்டினார். பச்சையாக இருந்தால் போதும் அவருக்கு. ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விதூஷகன் பேச்சிமுத்து பன்னிரண்டு நாள் நடந்துபோய்க் கொண்டுவந்ததோ, மூடிய கைபோலச் சுருண்ட ஒரு பழுப்புச் சருகு.

வைத்தியருக்கு வயிறு எரிந்தது. "செத்த குப்பை, அரசே. மகாராணியின் ஊர்ச் செடிதான் என்றால் இதுவே வாய் திறந்து சொல்லட்டும். இல்லையேல் இவனை நாடு கடத்துங்கள்."

"அவ்வாறே ஆகட்டும். அந்தி வரை தவணை" என்றார் ராஜா.

பேச்சிமுத்து ஒரு கிண்ணம் தண்ணீர் கேட்டு வாங்கி, சருகை அதில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பொழுது சாயச் சாய, சுருள்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அந்திக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை.

"வாய் திறந்துவிட்டது, அரசே."

"சொல்லவில்லையே?" என்றார் வைத்தியர்.

ராணி எழுந்து வந்து கிண்ணத்தின் மேல் குனிந்தாள். "மழை பெஞ்சா எங்க பாறை முழுக்க இப்படித்தான் விரியும்" என்றாள். அழுதாள்.

"திறந்த வாய் ஒன்று, சொன்ன வாய் ஒன்று. வைத்தியர் கேட்ட இரண்டும் வந்தாயிற்று" என்றான் பேச்சிமுத்து.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என்ன வேண்டும், கேள்."

"ஒரு பல்லக்கு, அரசே. பிடுங்கிய செடியை அதன் இடத்தில் வைக்க வேண்டும். எனக்கு வழி மறந்துவிட்டது. தெரிந்தவர் மகாராணி ஒருவரே."

சிரிப்பு பாதியில் நின்றது. ராஜா ராணியைப் பார்த்தார். "திரும்பி வருவாயா?"

"ஒரு மழை பாத்துட்டு வந்துடுறேன்."

அவர் மறுபடியும் சிரித்தார், இம்முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு. பல்லக்கு கிளம்பியது. முத்துமாலை பேச்சிமுத்துவுக்கு. வழியெல்லாம் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை வைத்தியருக்கு.

அன்றுமுதல் ராஜா மேல்மாடத்தில் நின்று மேற்கே மேகம் பார்க்கிறார். மொட்டைப்பாறை நாட்டில் இரண்டு வருஷத்துக்கு ஒரு மழைதான். பேச்சிமுத்துவுக்கு அது தெரியும். அவன் வாய் திறக்கவில்லை.