மூன்றாம் டிவிஷனுக்குப் போகும் பாதை

சந்தியாகு ஆறு மாதமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விசுவாசம் இருந்தா மனசுல சமாதானம் இருக்கும்னு சொல்றீங்க. எனக்கு இல்லையே, சிஸ்டர்."

சிஸ்டர் பவுலா ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வார். பிறகு அன்றைய பாடத்தைத் தொடங்குவார்.

சந்தியாகுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, வீடுகளில் ஜெபம் சொல்லும் உபதேசியாராக ஆசைப்பட்டு சிஸ்டரிடம் படிக்க வந்தார். சிஸ்டர் அவரைவிட இருபது வயது இளையவர். கன்னியர் மடத்து மருந்தகத்தை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் சந்தியாகுவின் தம்பி சின்னப்பனை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் பகுதிக்குப் போகும் பாதையில் ஒற்றை யானை அடித்துக் கொன்றது. அன்று சந்தியாகுவும் கூட இருந்தார். அதன் பிறகு மூடுபனி இறங்கினால் அவர் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. இலை சரசரத்தாலும் எழுந்து கதவைத் தாழிடுவார்.

அன்று பகல் மூன்று மணிக்கு மடத்துக்குப் போன் வந்தது. மூன்றாம் டிவிஷன் தொழிலாளர் லைன் வீட்டில் கித்தேரியம்மாள் கடைசிப் படுக்கையில் இருக்கிறாள், நற்கருணை கேட்கிறாள் என்று மகள் ஜெசிந்தா சொன்னாள். பங்குச் சாமியார் ஊரில் இல்லை. மழையில் இந்தப் பக்கச் சாலையில் மண் சரிந்ததால் ஜீப்பும் போகாது. நடைதான்.

சிஸ்டர் நற்கருணை அப்பம் வைத்த சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"வாங்க அண்ணே."

"நானா?"

"துணைக்கு."

வேண்டாம் என்று சொல்லத்தான் சந்தியாகு வாயைத் திறந்தார். அதற்குள் சிஸ்டர் படியிறங்கிவிட்டார்.

பாதி வழியில் பனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகள் தெரியவில்லை. வளைவில் சிஸ்டர் நின்றார். பாதையின் நடுவே யானைச் சாணம் கிடந்தது. அதிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

மேலே எங்கோ ஒரு கிளை முறிந்தது.

இருவரும் ஒரு மரத்தின் பின்னால் ஒதுங்கினார்கள். சிஸ்டர் சந்தியாகுவின் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தியாகு பரலோக மந்திர ஜெபத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி மறந்தது. பிறகு "இயேசுவே, இயேசுவே" என்று மட்டும் உதடு அசைந்தது.

யானை பாதைக்கு இறங்கியது. முதலில் வாடைதான் வந்தது. பிறகு பனிக்குள் ஒரு சுவர் நகர்வதுபோல் அது தெரிந்தது. நடுப்பாதையில் நின்றது. காதுகள் விரிந்தன. சந்தியாகு மூச்சை அடக்கினார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. அது செடிகளை மிதித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் போனது.

சத்தம் அடங்கிய பிறகு சிஸ்டர் பாதையோரம் குனிந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அப்படியே கல்லில் உட்கார்ந்தார்.

சந்தியாகு அவரையே பார்த்தார்.

"உங்களுக்குமா பயம்?"

"பயம்தான், அண்ணே."

"நீங்களே இப்படின்னா நாங்க என்ன செய்யறது?"

"ஆண்டவரே பயந்தாரே அண்ணே. சிலுவைக்கு முந்தின ராத்திரி, ஒலிவத் தோட்டத்துல. வேர்த்துக் கொட்டிச்சு. கூட இருங்கன்னு மூணு சீடர்கிட்ட கேட்டார்."

"அவங்க?"

"தூங்கிட்டாங்க."

சந்தியாகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் தூங்கலை சிஸ்டர். ஓடிட்டேன். சின்னப்பன் கீழே விழுந்து கிடந்து 'அண்ணே'ன்னு கூப்பிட்டான். எனக்குக் கேட்டுச்சு. நான் திரும்பிப் பார்க்கலை."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

சந்தியாகு அழுது முடிக்கும்வரை சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சேலையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"திரும்பிடலாமா சிஸ்டர்?"

"அங்கே கித்தேரியம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."

"பயம் போயிடுச்சா உங்களுக்கு?"

"இல்லை."

அவர் நடந்தார். சந்தியாகு பின்னால் போனார்.

லைன் வீட்டில் கித்தேரியம்மாள் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். கண் மட்டும் அகலத் திறந்திருந்தது. நற்கருணை வாங்கிய பிறகும் அந்தக் கண் மூடவில்லை. யார் அசைந்தாலும் "போகாதே" என்றாள். மகளுக்கு நான்கு நாள் தூக்கம் இல்லை. சுவரில் சாய்ந்தபடியே கண் அசந்துவிட்டாள்.

இருட்டுவதற்குள் தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஒன்று சுற்றிப் போகும் மறுபக்கச் சாலை வழியாகக் கீழே போவதாக இருந்தது. காலையில் மருந்தகம் திறக்க வேண்டும். சிஸ்டர் புறப்பட்டார்.

"நீங்க இங்கே இருங்க அண்ணே."

சந்தியாகு வாசல்வரை ஓடி வந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். சாகப்போறவங்ககிட்ட என்ன சொல்லணும்?"

"உங்களுக்கும் பயம்னு சொல்லுங்க."

"அப்புறம்?"

"எந்திரிச்சுப் போயிடாதீங்க."

சந்தியாகு உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். கித்தேரியம்மாள் அவரைப் பார்த்தாள்.

"பயமா இருக்கு தம்பி."

"எனக்கும்தான் அக்கா."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ ரெண்டு பேருமா ஜெபம் சொல்லுவோம்" என்றாள்.

சொன்னார்கள். சந்தியாகு தடுமாறிய இடத்தில் அவள் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கிய இடத்தில் அவர் சொன்னார். அவர் கஞ்சியை ஆற்றி ஊட்டினார், புரட்டிப் படுக்கவைத்தார், உதட்டை ஈரத்துணியால் நனைத்தார். வெளியே பனி இறங்குவதும் விலகுவதுமாக இருந்தது. இரண்டாம் நாள் மதியம் கித்தேரியம்மாள் கண்ணை மூடித் தூங்கினாள். மாலையில், தூக்கத்திலேயே, மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்த மறுநாள் சந்தியாகு மருந்தகத்துக்கு வந்தார். சிஸ்டர் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த அக்கா சமாதானமாப் போய்ச் சேர்ந்துட்டாங்க, சிஸ்டர்."

"ஜெசிந்தா சொன்னாள்."

"எனக்கு அந்தச் சமாதானம் எப்போ கிடைக்கும்?"

சிஸ்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அந்த ரெண்டு நாளும் அதைத் தேடினீங்களா?"

"அக்காவைக் கவனிக்கவே நேரம் சரியாப் போச்சு, சிஸ்டர். அது நினைப்பிலேயே வரலை" என்றார் சந்தியாகு. சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரிக்கத் தொடங்கினார்.