சேற்றில் தோள் கொடுத்த மாசிலாமணியார்

சென்னைக்கு வடக்கே, ஓடைக்கரையை ஒட்டிய கரிப்பாக்கத்தில் பதினேழு கோழிக்கடைகள் இருந்தன. அந்தக் கடைகளில் வெட்டிப்போட்ட குடலையும் தலையையும் இறகையும் டிரம்களில் அள்ளி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருந்த தீவன ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவதே மாசிலாமணியாரின் தொழில். வெயில் ஏற ஏற டிரம்களுக்குள் கழிவு நொதித்துக் குமிழி விடும். வண்டி பள்ளத்தில் இறங்கினால் மூடியோரம் கசிந்த நீர் அவர் முதுகில் தெறிக்கும். ஆலைக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றுதான் அவரோடு பேசுவார்கள்.

வேலை முடிந்ததும் தெருக்குழாயில் இரண்டு முறை குளிப்பார். சீயக்காய் தேய்ப்பார், எலுமிச்சைத் தோல் தேய்ப்பார். துவைத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய நீறு பூசி, ஓடைக்கரைநாதர் கோயிலின் கோபுர வாசலுக்கு வெளியே நின்று ஐந்தெழுத்தை ஓதுவார். உள்ளே போவதில்லை. ஒரே ஒரு முறை போனபோது ஓர் அம்மாள், "ஐயே, இன்னா வாடை இது!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார். அறங்காவலர் நடேசன் வந்து, "நீ வெளியிலேயே நின்னு கும்புடுப்பா. உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்றார். அன்று முதல் வாசலே அவருக்குச் சந்நிதி ஆயிற்று.

இளமையில் அவர் ராணுவத்தில் கழிப்பறை கழுவும் பணியில் இருந்தவர். வடக்கே ஒரு மலை முகாமில், ரக்பி ஆட்டத்துக்கு ஆள் குறைந்த ஒரு நாளில், உடல் வலுவைப் பார்த்து அவரையும் இழுத்துவிட்டார்கள். எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து, தலையைத் தாழ்த்தி, எதிரே அதேபோல் நிற்கும் எட்டுப் பேரை முட்டித் தள்ள வேண்டும். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். பிறந்ததிலிருந்து யாரும் தொட்டிராத அவர் தோளில் இரண்டு பக்கமும் கைகள் விழுந்து இறுகின. வியர்வையும் மூச்சும் கலந்த அந்தக் கட்டுக்குள் மாசிலாமணியார் அழுதுவிட்டார். "அன்னிக்குத்தான் சாமி என்னைத் தொட்டாரு" என்பார். பதினோரு ஆண்டுகள் அந்த அணியில் ஆடிவிட்டு ஊர் திரும்பினார். ஊர் அவருக்குக் கொடுத்தது கோழிக்குடல் வண்டி.

கோயிலுக்குப் பின்புறம், ஒரு காலத்தில் நந்தவனமாக இருந்த நிலம் குப்பைமேடாகிக் கிடந்தது. இருபது வயதை ஒட்டிய பத்துப் பதினைந்து இளைஞர்கள் அங்கேதான் நாளெல்லாம் கிடந்தார்கள். பஞ்சர் ஒட்டும் பசையைத் துணியில் பிழிந்து முகர்ந்தார்கள். போன் பறித்தார்கள், அடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சோறு போட்டவன் கஜபதி. வீடு காலி செய்யாதவர்களை அடித்து விரட்டுவது, கடை போட்டவனை மிரட்டுவது என்று எதற்கு ஆள் வேண்டுமென்றாலும் கஜபதி இவர்களுக்குப் பிரியாணியும் பாட்டிலும் கொடுத்து அனுப்புவான். காரியம் முடிந்ததும் எச்சில் இலையைப் போல உதறுவான். அதே கஜபதிதான் திருவிழாவில் மேல்துண்டோடு முதல் வரிசையில் நிற்பான். நடேசன் அவனுக்கு மாலை போடுவார்.

ஒரு திருவாதிரை நாள் காலையில் கோயில் படிகளில் அந்த இளைஞர்களுள் ஒருவன் வாந்தியில் புரண்டு கிடந்தான். உதயா என்பது அவன் பெயர். செரிக்காத பிரியாணியும் சாராயமும் கல்படியில் வழிந்திருந்தன. வந்தவர்கள் தாண்டிப் போனார்கள். மாசிலாமணியார் வாளி கொண்டுவந்து படிகளைக் கழுவினார். கழுவும்போதே அவர் உடம்பு கூசியது. கை வைக்க மனம் வரவில்லை. அவனைக் காலால் நகர்த்திவிட்டே தண்ணீர் ஊற்றினார். பிறகு வாசலில் நின்று, "ஆண்டவா, கோழிக்குடல் நாத்தம் எனக்குப் பழகிப்போச்சு. இந்தப் பசங்க நாத்தம் பழகலையே. குமட்டுதே. நான் யாரைக் காலால தள்ளுனேன்?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் மண்வெட்டியோடு நந்தவனத்தில் இறங்கினார். அதை உழவாரப்பணியாக எண்ணினார். அழுகிய மாலைகள், குழந்தைகளின் அழுக்குத் துணிகள், உடைந்த பாட்டில்கள், புழு நெளியும் நாயின் உடல், ஊசிகள் எல்லாவற்றையும் கையாலேயே அள்ளினார். நடேசன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "நாத்தம் நாத்தத்தோட சேருது, விடு." இளைஞர்கள் அவர் மேல் காலி பாட்டிலை வீசினார்கள். நாற்பது நாள் கழிந்தபோது தரை தெரிந்தது. அன்று மாலை அவர் பெட்டியிலிருந்த பழைய ரக்பிப் பந்தை எடுத்துவந்தார்.

"இன்னா நைனா, இத்த வறுத்துத் துன்றதா, அவிச்சுத் துன்றதா?" என்றான் உதயா. முட்டை வடிவப் பந்தைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்.

"இத்தப் புடிச்சினு என்னைத் தாண்டி ஓடு, பாப்போம். ஓடிட்டன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

உதயா ஓடினான். ஐம்பத்தாறு வயதுக்காரர் அவன் தொடைகளைக் கட்டிப் பிடித்துச் சாய்த்தார். விழுந்தவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். அடி விழும் என்று முகத்தை மறைத்துக்கொண்டான். அவரோ உடனே பிடியை விட்டு எழுந்து, அவனுக்குக் கை நீட்டினார். "கீழ வுழுந்தவனை உட்டுடணும். அதான் இந்த ஆட்டத்துல மொத சட்டம்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. பந்தைக் கையால் கொடுக்க வேண்டுமானால் பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். பின்னால் வருகிறவனை நம்பாதவன் இதில் ஓடவே முடியாது. யாரையும் நம்பியறியாத அந்த இளைஞர்களுக்கு இது பிடிபட ஒரு வருடம் ஆனது. பசை முகர்ந்துவிட்டு வந்தவனுக்கு அன்று ஆட்டம் கிடையாது. அவன் குப்பை அள்ள வேண்டும். இரண்டு பேர் பாதியிலேயே ஓடிப்போனார்கள். ஒருவன் சிறைக்குப் போனான். மற்றவர்கள் மெல்ல மெல்ல மாறினார்கள். ஒருவனுக்குத் துறைமுகத்தில் சுமைவேலை கிடைத்தது. இன்னொருவன் கைவிட்டுவந்த மனைவியிடம் திரும்பிப் போனான். மாலையில் எல்லாரும் அவரோடு குழாயடியில் வரிசையாகக் குளித்து, அவர் பின்னால் கோயில் வாசலில் நின்றார்கள். உதயா அவர்களுக்குத் தலைவன் ஆனான்.

ஒரு நாள் கஜபதி பிரியாணி அண்டாவோடு நந்தவனத்துக்கு வந்தான். ஓடையோரம் ஒரு குடும்பம் குடிசையைக் காலி செய்ய மறுத்ததாம்.

"போய் ரெண்டு தட்டுத் தட்டிட்டு வாங்கடா. வந்து துன்னலாம்."

யாரும் அசையவில்லை. அண்டாவின் மூடி திறந்திருந்தது. நெய் மணத்தது. மாசிலாமணியாருக்கு அந்த மணம் தாங்கவில்லை. இருபது வருடக் கழிவு வண்டியில் வராத குமட்டல் அந்த மணத்தில் வந்தது. "மூடிடு கஜபதி. பொணவாடை அடிக்குது" என்றார்.

கஜபதி சிரித்துக்கொண்டே மூடினான். ஆனால் மறக்கவில்லை.

அடுத்த பிரதோஷத்தன்று காலை கோயிலைத் திறந்தபோது, நந்தியின் மேல் கோழிக்குடல் சரம் சரமாகத் தொங்கியது. சந்நிதி வாசல் வரை இரத்தமும் இறகும். ஈக்கள் கறுப்பாக மொய்த்தன. யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று எல்லாருக்கும் தோன்றியது. வண்டியோடு வந்த மாசிலாமணியாரைத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். அன்றாடம் அவரிடம் கழிவைக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவரே முகத்தில் துப்பினார். நந்தவனத்தைப் பூட்டச் சொன்ன நடேசன், "இனி இந்தத் தெருப் பக்கமே உன்னைப் பார்க்கக்கூடாது" என்றார்.

உதட்டில் இரத்தம் வழிய அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஐயா, நான் போயிடறேன். அதுக்கு முன்னாடி அத்தக் கழுவிட்டுப் போறேன். வேற யாருக்கும் அந்த வேலை தெரியாது."

வேறு யாரும் தொட முன்வராததால் அனுமதித்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊர் வேடிக்கை பார்க்க, அவர் நந்தியின் கண் இடுக்கிலிருந்தும் கழுத்து மணியிலிருந்தும் ஒவ்வொரு துணுக்காக எடுத்துக் கழுவினார். இரண்டு மணி நேரம் வாய் ஐந்தெழுத்தைவிட்டு அகலவில்லை.

ஓடைக்கரையில் இளைஞர்கள் கத்தியோடு காத்திருந்தார்கள். "கஜபதி வேலைதான் நைனா. இன்னிக்கு அவன் குடலை எடுத்துடறோம்."

"எடுங்க. எடுத்து அவன் வூட்டு வாசல்லயே போடுங்க. அப்புறம் அவனுக்கும் உங்களுக்கும் இன்னா வித்தியாசம்? கத்தியைக் கீழ போடு."

அப்போது உதயா தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவன் சொன்னான், செஞ்சது நான் நைனா. பசை வாங்கிக் குடுத்தான். மறுபடி இழுத்துட்டேன். அப்புறம் ராத்திரியில கோயில் செவுரு ஏறிக் குதிச்சு, அவன் இன்னா சொன்னானோ அத்தச் செஞ்சேன்."

மாசிலாமணியார் அவனைப் பார்த்தார். அவன் நக இடுக்குகளில் காய்ந்த இரத்தம் இன்னும் இருந்தது. அவர் திரும்பி ஓடையோரம் குனிந்து வாந்தி எடுத்தார். அத்தனை வருடத் தொழிலில் ஒரு முறைகூட வாந்தி எடுக்காதவர் அவர். அடித்தவர்கள் மேல் வராத வெறுப்பு இவன் மேல் வந்தது. ஓடைக்கரையோடு நடந்து போய், தனியே உட்கார்ந்தார். "இவனைத் தொட என்னால முடியாது. என்னை விட்டுடு" என்று இறைவனிடம் சொன்னார். ஓடை நாற்றத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார். மழை பிடித்தது.

திரும்பி வந்தபோது இளைஞர்கள் கரைச்சேற்றிலேயே ஸ்க்ரம் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூட்டிய நந்தவனத்துக்கு அவர்கள் போகவில்லை, கஜபதியிடமும் போகவில்லை. உதயா தள்ளி நின்றான். அவன் கிட்டே வந்தால் மற்றவர்கள் விலகினார்கள். "அவன் தோள்ல எவன் கை போடுவான்? நாறுது" என்றான் ஒருவன்.

அந்தச் சொல் மாசிலாமணியாரின் மார்பில் தைத்தது. குமட்டல் இன்னும் தொண்டையில்தான் இருந்தது. அது போகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சேற்றில் இறங்கி, உதயாவின் தோளில் கையைப் போட்டு இறுக்கி, தலையை அவன் தலையோடு சேர்த்துக் குனிந்தார். "புடிங்கடா" என்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வந்து பிணைந்தார்கள். கால் வழுக்கி அத்தனை பேரும் கறுப்புச் சேற்றில் விழுந்தார்கள். விழுந்தும் பிடி விடவில்லை.

அதே வேளையில் கோயிலில் பிரதோஷ அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. பால் ஊற்றிய சபேச குருக்கள் திடுக்கிட்டார். இலிங்கத் திருமேனியில் கறுப்புச் சேறு! துடைத்தார். தண்ணீர் ஊற்றினார். மீண்டும் சேறு பூத்தது. கருவறை முழுக்க ஓடையின் நாற்றமும் கோழிக்கழிவின் நாற்றமும் எழுந்தன. குமட்டிக்கொண்டு அவர் மூன்றாம் முறை குடத்தைத் தூக்கியபோது, காதருகே ஒரு குரல் கேட்டது.

"அவன் கை போட்ட தோள் என்னுடையது. என்னை ஏன் கழுவுகிறாய்?"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். காலையில் அந்த மனிதரை அடித்தபோது தாமும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது குருக்களுக்கு நினைவு வந்தது. தம்மையே நினைத்து அருவருத்தார். அபிஷேகத்துக்குப்பின் சுவாமிக்குச் சாத்த வைத்திருந்த பரிவட்டத்தையும் மாலையையும் எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். ஊர் பின்தொடர்ந்தது.

ஓடைக்கரையில் முழங்கால் சேற்றில் இறங்கிய குருக்களைக் கண்டு மாசிலாமணியார் பதறினார். "சாமி, கிட்ட வராதீங்க. நாறும்."

"நாறிண்டு இருந்தது நாங்கதான், மாசிலாமணி" என்றார் குருக்கள். பரிவட்டத்தை அவர் தலையில் தம் கையாலேயே கட்டினார். கருவறையில் கண்டதையும் கேட்டதையும் எல்லார் முன்னும் சொன்னார். நடேசன் தலை கவிழ்ந்தார். உதயா ஊரார் நடுவே வந்து, தான் செய்ததையும் செய்யச் சொன்னவனையும் சொல்லி, தானாகவே காவல் நிலையத்துக்கு நடந்தான். மாசிலாமணியார் பரிவட்டத்தோடு அவன் கூடவே நடந்தார். அன்று உள்ளே வந்து தரிசிக்க அத்தனை பேர் அழைத்தும், "இவனை விட்டுட்டு வந்தா அவரு கேப்பாரு" என்று சொல்லிவிட்டார்.

அதன்பின் பதினான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். கழிவு வண்டியையும் விடவில்லை, ஆட்டத்தையும் விடவில்லை. தண்டனை முடிந்து வந்த உதயா, மீண்டும் திறந்துவிடப்பட்ட நந்தவனத்தில் அவரோடு நின்று புதிதாக வந்தவர்களுக்கு விழவும் எழவும் கற்றுக்கொடுத்தான். ஒரு மார்கழிக் காலையில், ஸ்க்ரம் கட்டி நின்ற இளைஞர்களின் தோள்களுக்கு நடுவே, மாசிலாமணியார் அமைதியாக இறைவன் திருவடி சேர்ந்தார். அவர் சாய்ந்தது தெரியாமலே சற்று நேரம் அவரைத் தாங்கி நின்றார்கள்.

குமட்டும்போதும் கை விலக்காத அந்தப் பெரியவரின் அன்பைப் போற்றி வணங்குவோமாக.