ஐப்பசியில் காய்ந்த வேட்டி

"ஒரு சேலைக்காக என் வீட்டுக்காரி மக வீட்டுக்குப் போயிட்டாம்மா" என்றார் பூதலிங்கம் அண்ணாச்சி.

மரகதம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாங்கித் தரலையா?"

"அவளே வாங்கிட்டா. பாலியஸ்டர்."

வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு அந்தச் சொல்லைச் சொன்னார் அண்ணாச்சி. பின்னே? ஆற்றங்கரை ஊரில் முப்பது வருஷமாகப் பருத்தி மட்டுமே விற்கிற கடை அவருடையது. மினுமினுப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, புத்தி சொல்லி அனுப்புவார். அவர் கட்டியிருக்கும் வேட்டிதான் கடைக்கு விளம்பரம். கஞ்சி போட்ட மடிப்பு சாயங்காலம் வரை கலையாது.

மரகதம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஊருக்கு வெளியே, இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள சின்ன மடத்தை நடத்துகிறார். எட்டு வருஷமாக வெள்ளிதோறும் அண்ணாச்சி அங்கே வந்து கீழே உட்காருவார். அறுபது வயசுக்காரர் தன்னைவிடச் சின்னப் பெண்பிள்ளையிடம் ஞானம் கேட்கிறாரே என்று ஊர் கேலி பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"என்ன நடந்துச்சு?"

"ஆயுத பூஜைக்கு அதைக் கட்டிக்கிட்டுக் கடைக்கு வந்தா. வேலை பார்க்கிற பிள்ளைங்க அத்தனை பேரும் நிக்காங்க. இதைக் கட்டிக்கிட்டு என் கடைப்படி ஏறாதேன்னு சொல்லிட்டேன். திரும்பினா. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா. இருபது நாளாச்சு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கா."

மனைவி செண்பகவல்லி இல்லாத வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் துணிக்குத் தாவினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. பருத்தி வேர்வையைக் குடிக்கும். காத்து உள்ள வரும், போகும். அந்தச் சனியன் பிளாஸ்டிக் பை மாதிரி உடம்புல ஒட்டும். சித்திரை வெயில்ல கட்டினா முதுகெல்லாம் வேர்க்குரு. நான் சொன்னதுல தப்பு உண்டா?"

"இல்லை. வாஸ்தவம்."

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது.

"அப்போ அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க கூப்பிட்டா வந்துருவா."

"சொல்லுதேன். அதுக்கு முன்னால எட்டு நாள் இங்க தங்குங்க அண்ணாச்சி. ரெண்டு வேட்டி, ரெண்டு சட்டை போதும். கடையில எப்படி உக்காருவீங்களோ, அதே மாதிரி காலைப் பிரார்த்தனையில வந்து உக்காரணும்."

"அதுக்கென்ன" என்றார் அண்ணாச்சி.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் துணியை அவரவரே துவைக்க வேண்டும்.

நூலைத் தொட்டே எந்த ஊர் நெசவு என்று சொல்லிவிடும் விரல்கள் அண்ணாச்சிக்கு. அந்த விரல்கள் அதுவரை ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்ததில்லை. வெளியே சலவைக்குப் போட்டால் கஞ்சிப் பக்குவம் கெட்டுவிடும் என்று எல்லாத் துணியையும் வீட்டிலேயே துவைக்கச் சொல்லியிருந்தார். யாரிடம் சொல்லியிருந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் கஞ்சி கூடிப்போய் வேட்டி அப்பளமாக விறைத்தது. உட்கார்ந்தபோது மொறமொறவென்று சத்தம் போட்டது.

இரண்டாம் நாள் கஞ்சி குறைந்து துவண்டது.

மூன்றாம் நாள் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கங்கு தெறித்துக் கரையோரம் ஓட்டை விழுந்தது.

மூன்று நாளும் அவர் கூடத்துக்கு வந்து சேரும்போது பிரார்த்தனை பாதி முடிந்திருந்தது.

நான்காம் நாள் மழை பிடித்தது. ஐப்பசி மழை, லேசில் விடுமா? இரண்டு வேட்டியும் கொடியில் சொதசொதவென்று தொங்கின. ஐந்தாம் நாள் அடுப்படியில் கயிறு கட்டி ஒன்றைப் போட்டார். அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டிக்கொண்டு அன்றும் பாதியில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஈர வாடையும் புகை வாடையும் சேர்ந்து அடித்தது. பக்கத்தில் இருந்தவர் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார். அண்ணாச்சிக்கு அவமானமாக இருந்தது.

ஆறாம் நாள் காலை, இடுப்பில் துண்டோடு மரகதம்மாளின் அறை வாசலில் வந்து நின்றார்.

"மாத்து ஏதாச்சும் இருக்காம்மா?"

மரகதம்மாள் உள்ளே போய் ஒரு வேட்டியை எடுத்து வந்து நீட்டினார். யாரோ விட்டுவிட்டுப் போன பாலியஸ்டர் வேட்டி. முந்தின நாள் சாயங்காலம் அந்த மழையிலேதான் துவைத்துப் போட்டது. உலர்ந்திருந்தது.

அண்ணாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூடத்தில் மணி அடித்தது. கட்டிக்கொண்டு போனார்.

பிரார்த்தனை முடிந்து எல்லாரும் எழுந்து போனபின் மரகதம்மாள் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"ஒட்டுது. தொடை அரிக்குது. நல்ல துணி இல்லைம்மா."

"ம்."

"ஆனா இன்னைக்குத்தான் ஆரம்பத்துல இருந்து உக்காந்திருந்தேன்."

மரகதம்மாள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியும் பார்த்தார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"முப்பது வருஷத்துல ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகையில்கூட நான் ஈர வேட்டி கட்டிக் கடையில உக்காந்ததில்லை. இந்த வாடை என் வேட்டியில வந்ததே இல்லை. அவ எப்படிக் காய வச்சா?"

"என்கிட்டயா கேக்கீங்க?"

மரகதம்மாள் தன் போனை எடுத்து, ஒரு எண்ணைத் தட்டி, அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"சொல்லுங்கம்மா" என்றது செண்பகவல்லியின் குரல்.

"நான்தான்."

வைத்துவிடுவாளோ என்று அண்ணாச்சி பயந்தார். வீட்டுக்கு வா என்று சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"மழைக்காலத்துல என் வேட்டியை எப்படிக் காய வச்சே?"

"என்னத்துக்குக் கேக்கீங்க?"

"தெரியாமத்தான் கேக்கேன்."

"ஃபேனுக்குக் கீழ போடுவேன். முக்கால்வாசி காஞ்சுரும். மிச்ச ஈரத்துக்கு, ராத்திரி என் உடம்புல சுத்திக்கிட்டுப் படுப்பேன். சூட்டுல விடியதுக்குள்ள காஞ்சுரும். எந்திரிச்சு இஸ்திரி போட்டு வச்சுருவேன்."

"எனக்குத் தெரியாதே, செண்பகம்."

"நீங்க பக்கத்துலதான் படுத்திருந்தீங்க" என்றாள் அவள்.