எட்டு எழுத்துக்குக் குறையாமல்

"வீட்ல எல்லாம் சேர்ந்திருக்கு டீச்சர். நான் ஒருத்தன்தான் வெளியே நிக்கிறேன்."

விருத்தகிரி இதைச் சொன்னபோது மரகதவல்லி டீச்சர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

டீச்சர் என்பது ஊர் கொடுத்த பெயர். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தாறு வருஷம் ஆபரேட்டராக உட்கார்ந்து, யார் யாரையோ யார் யாரோடோ இணைத்துவிட்டவர். ஓய்வு பெற்ற பிறகு, புதன்கிழமைகளில் வாசகசாலையில் தன் வயதுக்காரர்களுக்கு செல்போன், வைஃபை எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்.

"என்னென்ன சேர்ந்திருக்கு?"

விருத்தகிரி விரல் விட்டு எண்ணினார். டிவி. காலை ஆறு மணிக்குத் தானாகப் பாடும் ஸ்பீக்கர். தொட்டி நிறைந்தால் தானே நின்றுவிடும் மோட்டார் சுவிட்ச். வாசல் விளக்கு.

எல்லாம் அவர் மனைவி தையல்நாயகி இணைத்து வைத்தவை. அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவை எதற்கும் அது தெரியவில்லை.

அவர் புதிதாக வாங்கிய போனை மட்டும் வீடு உள்ளே விட மறுத்தது. வைஃபை கடவுச்சொல் கேட்டது.

"உங்ககிட்ட அவங்க சொல்லலையா?"

"சொல்ல வந்திருப்பா."

டீச்சர் அடுக்களை அலமாரியிலிருந்து வைஃபை பெட்டியை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் கம்பெனி கொடுத்த கடவுச்சொல் இருந்தது. போட்டுப் பார்த்தார்கள்.

தவறான கடவுச்சொல்.

"மாத்தியிருக்காங்க. மாத்தறதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வகுப்புல படிச்சதை அன்னைக்கே வீட்ல செஞ்சு பார்த்துட்டு வந்து சொன்னது, தையல் ஒருத்திதான்."

"என்னன்னு மாத்தினா?"

"நான் கேக்கலையே சார். ரெண்டு பேரைக் கோத்துவிட்டா, நம்ம காதை எடுத்துடணும். எக்ஸ்சேஞ்சுல எங்களுக்கு அதான் முதல் பாடம்."

விருத்தகிரி அந்தச் சீட்டையே இன்னொரு தரம் வாசித்தார்.

"அவங்க போன் எங்கே? அதுல பார்க்கலாம்."

"மச்சினி மகளுக்குக் கொடுத்துட்டேன். சுத்தமா அழிச்சிட்டுத்தான் கொடுத்தேன்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் மோட்டார் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினார்.

"பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கு பாருங்க. பத்து எண்ணுற வரைக்கும் இதால குத்திப் பிடிச்சா, பெட்டி எல்லாத்தையும் மறந்துடும். புதுசா ஆரம்பிச்சுக்கலாம்."

"எல்லாத்தையும்னா?"

"கடவுச்சொல், பேரு, எல்லாத்தையும்."

"பேரையுமா?"

விருத்தகிரி பெட்டியை டீச்சர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கினார் என்பது மரியாதைக்கு. பிடுங்கினார்.

டீச்சர் ஊக்கை மூடி மறுபடி வளையலில் மாட்டினார்.

"சரி. போன்ல பட்டியலைத் திறங்க. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வரும். வாசிங்க."

வாசித்தார். பின் தெருப் பல் டாக்டரின் பெயர் வந்தது. எதிர்வீட்டு வக்கீல் தன்னுடையதற்கு வைத்திருந்த 'அத்துமீறாதே' வந்தது.

"முதல்ல ஒண்ணு இருக்கே. நாலு கோடும் நிறைஞ்சு."

"அது நம்முது."

"வாசிங்க."

அவருக்குக் கூச்சமாக இருந்தது. எழுபத்தோரு வயதில், வேற்று வீட்டுப் பெண் முன்னால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? ஆங்கில எழுத்துதான். சொல் தமிழ்.

"என்னங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். "வேற யார் பேரும் இல்ல சார். உங்க பேரைத்தான் வச்சிருக்காங்க."

உண்மைதான். நாற்பத்துநாலு வருஷத்தில் தையல்நாயகி அவரை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"பெட்டி மறந்தாலும் பரவாயில்ல சார். அதே பேரை நாமளே திருப்பி வச்சுக்கலாம்."

"நான் வச்சா, நானே என்னைக் கூப்பிட்டுக்கிற மாதிரி இருக்கும். இது அவ கூப்பிடறது." அவர் தயங்கினார். "வாசல்ல நின்னாலும் போன்ல தெரியுது டீச்சர். தெருமுனைக்குப் போனா மறைஞ்சிடுது. தினம் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுத் திரும்பி வரேன்."

டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதுவரை நின்றபடியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் கூப்பிடுவாங்க. அந்தப் பக்கத்திலேருந்து பதில் வரணும். வந்தாத்தான் லைன் சேரும். இங்கே பேரு கூப்பிடுது. கடவுச்சொல் பதில். தையல் 'என்னங்க'ன்னு கூப்பிட்டா நீங்க என்ன சொல்வீங்க?"

"சொல்லும்மான்னு சொல்வேன்."

"போடுங்க. இங்கிலீஷ் எழுத்துல. எட்டு எழுத்துக்குக் குறைஞ்சா ஏத்துக்காது."

ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கினார். சரியாக எட்டு. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

தவறான கடவுச்சொல்.

"எங்கேயோ கை மாறிப்போச்சு," என்று மறுபடி போட்டார்.

தவறான கடவுச்சொல்.

"சார்," என்றார் டீச்சர், மெதுவாக. "நிஜமா என்ன சொல்வீங்க?"

விருத்தகிரி அடுக்களை நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு அங்கேதான் அவள் நின்றாள். முந்தானையில் ஈரக் கையைத் துடைத்தபடி, மறு கையில் போனை நீட்டிக்கொண்டு. என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன். இன்னைக்குக் கத்துக்கிட்டேன். பேப்பரைத் தாழ்த்தாமலே அவர் ஒன்று சொன்னார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். உள்ளே போய்த்தான் அவள் இதைச் செய்திருக்க வேண்டும்.

கோபத்தில் செய்தாளா, சிரித்துக்கொண்டே செய்தாளா? முகம் நினைவுக்கு வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை.

போனை எடுத்தார். அன்று சொன்னதை அடித்தார்.

அப்புறம்.

'இணை' என்ற பொத்தான் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

டீச்சர் எட்டிப் பார்த்து எண்ணினார். "ஏழுதான் இருக்கு."

அவர் தலை குனிந்திருந்தது.

"ஒரு தடவைதான் சொல்வீங்களா?"

"இல்ல டீச்சர். ரெண்டு தடவை."

முதலில் அடித்ததை ஒட்டி அதையே இன்னொரு முறை அடித்தார். அப்புறம் அப்புறம். பொத்தான் நீலமாயிற்று. அமுக்கினார். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. நின்றது.

இணைக்கப்பட்டது.

மேலே தொட்டி நிறைந்து, மோட்டார் தானாக நின்றது.

"இது இப்படியே இருக்க வேண்டாம் சார்," என்றார் டீச்சர். "வேற நல்ல சொல்லா மாத்திடலாம். ரெண்டு நிமிஷ வேலை. இப்பவே மாத்திடலாமா?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

விருத்தகிரி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.